அம்மா மாடுகளைக் கூப்பிட்ட நாள்

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். மலை ஏறும் முதல் திருப்பத்தில் சிமென்டில் ஓர் அலங்கார வளைவு. உச்சியில் என் பெரியப்பாவின் முகம். கீழே மஞ்சள் எழுத்தில் ‘சாலை தந்த தலைவர்’. ஆளாளுக்குக் கை கூப்பியிருக்கிறீர்கள். ஒருவர் பூங்கொத்து பொம்மை வேறு வைத்திருந்தார். அவருடைய அப்பாவின் மாடுகள் என்ன ஆயின என்று அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

வளைவின் திறப்பு விழா மலருக்கு என்னை எழுதச் சொன்னதும் நீங்கள்தான். “நீ டீச்சரா இருந்தவ. ரோடு வந்த கதைய ரெண்டு பக்கம் எழுதிக் குடு. படிச்சா சந்தோசமா இருக்கணும்” என்றீர்கள். கதையை எழுதிவிட்டேன். சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்லை. நமக்கெல்லாம் தலை நரைத்தாயிற்று. இனிமேல் யாருக்குப் பயந்து, யாரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும்?

ரோடு போட்ட அந்தப் பருவத்தில் நமக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நம் ஓட்டுக் கட்டடத்தைப் போலீஸ் கேம்ப் எடுத்துக்கொண்டது. வாத்தியார் பாலக்கோட்டில் இருந்த தன் வீட்டுக்கு மகிழ்ச்சியாகக் கிளம்பிப் போனார். வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். நாம் உட்கார்ந்து எழுதிய பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்தார்கள். பழைய மரம் எரியும் அந்த வாசனையும், மண்ணெண்ணெய் நாற்றமும், பூட்ஸுக்குப் போடும் பாலிஷின் நெடியும் கலந்து ஊர் முழுக்க அடித்தது. நமக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. அவர்கள் தூக்கியெறிந்த தகர டப்பாக்களுக்காக அடித்துக்கொண்டோம். பெஞ்சு எரிகிறதே என்று நம்மில் ஒருவரும் கவலைப்படவில்லை, நம்மைப் பெற்றவர்களும் கவலைப்படவில்லை.

காட்டுக்குள் ஒரு கூட்டம் ஒளிந்திருக்கிறது, அதைப் பிடிக்க வந்திருக்கிறோம் என்றார்கள். அந்தக் கூட்டத்தை நம் ஊரில் கண்ணால் கண்டவர் இல்லை. ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம், இக்கரை நாம். அந்த ஆட்கள் இரண்டு கரைக்கும் மாறி மாறிப் போகிறார்களாம். அவர்களுக்கு அரிசியும் சேதியும் கொண்டுபோவது கன்னடம் பேசுகிறவர்களாம். இப்படி யாரோ கேம்ப் அதிகாரிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதே சமயம் அக்கரையில் தமிழ் பேசுகிறவர்களைப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் இருந்த என் தாய்மாமா சந்தையில் தமிழில் விலை கேட்டதற்காக அடி வாங்கி, கெந்திக் கெந்தி நடந்து வந்தார். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். அவர்களுக்கு வெட்கம் இருந்தால்.

நம் ஊரில் சாமிக்குக் கன்னடம், மாட்டுக்குக் கன்னடம், சண்டைக்குத் தமிழ். யாரும் அதை யோசித்ததே கிடையாது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஆற்றின் இரண்டு கரையிலும்தான். என் அம்மா அக்கரையில் பிறந்தவள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பேசவும் பேசுவாள். ஆனால் வாயைத் திறந்தால் முதல் வார்த்தையிலேயே அக்கரைக்காரி என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரில் மாட்டை ஓட்டுவது ஆண் வேலை, கூப்பிடுவது பெண் வேலை. பால் கறக்கிற கை யாருடையதோ அவள் குரலுக்குத்தான் மாடு வரும். காட்டுக்குள் முள் வேலி போட்ட பட்டிகளில் ஒவ்வொரு வீட்டு மந்தையும் மாதக் கணக்கில் அடைந்து கிடக்கும். என் அப்பா பகலெல்லாம் மேய்ப்பார். பொழுது சாயும்போது அம்மா பட்டி வாசலில் நின்று, “பாரே கெம்பீ, இத்த பாரே!” என்று இழுத்துக் குரல் கொடுப்பாள். சிவப்பி, இந்தப் பக்கம் வா என்பதற்கு அவள் பாஷை. சரிவுக்குக் கீழே மர மணிகள் லொடக் லொடக் என்று அடித்துக்கொண்டு கிளம்பும். அந்த மணியை இப்போது ஏதோ விடுதியின் வரவேற்பறையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாக்கைக் கழற்றிவிட்டு.

கேம்ப் வந்த சில நாளில் பெரியப்பா ஊரைக் கூட்டினார். அப்பாவுக்கு அண்ணன், ஊருக்குத் தலைவர். அதிகாரியுடன் ஜீப்பில் கீழே போய்வந்து, புதுத் துண்டு போட்டுக்கொண்டு நின்றார்.

“ரோடு போடறேன்னு சொல்லியிருக்காருங்க. பஸ்ஸு வரும், ஆஸ்பத்திரி வரும், கரன்ட்டு வரும். நாம கேம்ப்போட ஒத்துப் போவணும். இனிமே ஊருக்குள்ள கன்னடம் ஒரு வார்த்த கேக்கக் கூடாது. நாம தமிழாளுங்க. அப்புடித்தான் சொல்லியிருக்கறன்.”

“சாமி கும்புடறப்ப?” என்று யாரோ கேட்டார்கள்.

“மனசுக்குள்ள கும்புடு.”

“மாடு?”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். “மாட்டுக்கும் தமிழ்ல பேரு வெச்சுக்கங்க. கெம்பின்னா செவலன்னு கூப்புடு. கரின்னா கருப்பின்னு கூப்புடு. மாட்டுக்கு என்ன தெரியப்போவுது?”

யாரும் சிரிக்கவில்லை. இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. பிறந்ததிலிருந்து மாட்டோடு வாழ்ந்த மனிதர்கள், மாட்டுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருவர் சொன்னதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே அப்பாவிடம் சொன்னார். “உன் பொண்டாட்டி பேச்ச எப்புடி மறைப்ப? ஊமைன்னு சொல்லிட்டன். கேம்ப் இருக்கற வரைக்கும் அவ வாயத் தொறக்கக் கூடாது.”

அப்பா தலையை ஆட்டினார். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தமாகப் பேசுகிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள். தெருக்கோடியில் இருந்துகொண்டே என்னைக் கண்டிக்கிறவள். அன்றிலிருந்து ஊமை.

ஒரு பெண்ணை ஊமையாக வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சோறு ஆகிவிட்டால் வளையலால் சட்டியில் தட்டுவாள். கோபம் வந்தால் கரண்டியால் தட்டுவாள். அவளுக்குப் பேசியே ஆகவேண்டும் என்று தோன்றினால் ராகிக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து என்னையும் இழுத்து உட்காரவைப்பாள். கல் கரகரவென்று சுற்றும். அந்தச் சத்தத்துக்குள் என் காதில் பேசுவாள். ஒருநாள் மாவு தீர்ந்து, கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. அன்று தன் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொன்னாள். மாவில் கல்பொடி கலந்து, அந்த வாரம் முழுக்கக் களி பல்லில் நறநறத்தது.

தெருவில் உங்கள் அம்மாக்கள் அவளைக் கண்டால் கையாட்டிப் பேசினார்கள். கேம்ப்காரர்களுக்காக நடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கேம்ப்காரர் ஒருவரும் இல்லாத ஓடைக்கரையிலும் அப்படித்தான் பேசினார்கள். பழகிவிட்டது. சிலருக்கு அது பிடித்தும் இருந்தது.

மாடுகளைக் கூப்பிட ஆளில்லை. அப்பா பட்டியிலேயே தங்கி, மந்தையை விரட்டி விரட்டி அடைத்தார். கறவை குறைந்தது. கெம்பி அப்பாவை மடியைத் தொடவே விடவில்லை. அம்மா போய்க் கறந்தாள், முதுகைத் தடவிக்கொடுத்தாள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. கெம்பி திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது.

கேம்ப்பில் ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டில் தயிர் வாங்க வருவார். கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தயிர்ப் போலீஸ் என்று நாம் பெயர் வைத்திருந்தோமே, அவர்தான். வந்த முதல் நாளே அம்மாவைப் பார்த்து விரலை மடக்கியும் நீட்டியும் ஏதோ காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா விழித்தாள். அவர் திரும்பவும் காட்டினார். அம்மா தயிர்ச் சட்டியைக் காட்டினாள்.

“என் தங்கச்சியும் பேச மாட்டாங்க” என்று அவர் என்னிடம் சொன்னார். “நாங்க கையிலயே எல்லாம் பேசிக்குவோம். உங்கம்மாவுக்கு யாரும் சொல்லித் தரலீங்களா?”

நான் இல்லை என்றேன். அவர் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அதன்பிறகு வரும்போதெல்லாம் கைஜாடை காட்டவில்லை. பாத்திரத்தை வைப்பார், தயிரை வாங்கிக்கொள்வார், போய்விடுவார்.

கீழே ரோடு வேலை ஆரம்பித்தது. தார் டிரம்கள் வரிசையாக நின்றன. வெடி வைத்துப் பாறையை உடைத்தபோது நம் வீட்டுப் பானைகள் அதிர்ந்தன. பெரியப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்தத் திருப்பம் வரைக்கும் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள் என்று தெருவில் நின்று சொல்வார். ஊரே வாயைப் பிளந்து கேட்கும்.

ராகிக் கதிர் முற்றுகிற சமயத்தில் அந்த உத்தரவு வந்தது. காட்டுக்குள் ஒரு பட்டியும் இருக்கக் கூடாது. பட்டியில் காய்ச்சுகிற பாலும் மோரும்தான் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு என்றார் அதிகாரி. முதலில் எங்கள் பட்டி. சாமான்களைத் தூக்கக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நானும் அம்மாவும் போனோம். பெரியப்பா ஜீப்பில் வந்தார்.

வெயில் ஏறிய நேரம். மந்தை சரிவுக்குக் கீழே சிதறி மேய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி பட்டியைச் சுற்றிப் பார்த்தார். மோர்ப் பானையைத் தொப்பி போட்ட ஒருவன் காலால் உதைத்துக் கவிழ்த்தான். வெண்ணெய் மண்ணில் உருண்டது.

“இத்தன மாடும் உன்னுதா?” என்றார் அதிகாரி.

“ஆமாங்க.”

“மலையில கஞ்சிக்கே வழியில்லன்னு சொல்றீங்க. இவ்வளவு மாடு எப்படி வந்துச்சு? அக்கரையில திருடி ஓட்டிட்டு வந்து உங்ககிட்ட விட்டு வெச்சிருக்கானுங்களா?”

“இல்லீங்க சார். பரம்பரையா எங்க மாடுங்க.”

“அப்ப கூப்பிடு. உன் மாடுன்னா வரட்டும்.”

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கண்ணாலேயே மிரட்டினார். அப்பா சரிவின் ஓரத்துக்குப் போய் நின்றார். வாழ்நாளில் அவர் மாட்டைக் கூப்பிட்டதில்லை. அது அவர் வேலையே இல்லை.

“ஏய் செவல... வா... கருப்பி, வா வா...”

இரண்டு மூன்று மாடுகள் காதைத் தூக்கிப் பார்த்தன. பிறகு குனிந்து மேய்ந்தன. அப்பா இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். கெம்பி வாலைச் சுழற்றிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நடந்தது. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். தயிர்ப் போலீஸும் அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

அதிகாரி சிரிக்கவில்லை. “திருட்டு மாடு” என்றார். “ஏத்துங்கடா இவன.”

அந்த நாளில் ஜீப்பில் ஏற்றினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஏற்றிப்போன இருவரில் ஒருவர் திரும்பவே இல்லை. அப்பாவின் கையைப் பின்னால் முறுக்கினார்கள். நான் அலறினேன். பெரியப்பா, தன் கூடப்பிறந்த தம்பியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

அம்மா தலையில் இருந்த மூட்டையைக் கீழே போட்டாள். சரிவின் ஓரத்துக்கு ஓடினாள்.

“ஓ... பாரே கெம்பீ! இத்த பாரே! பாரே கரீ, பாரே பெள்ளீ!”

அத்தனை நாளும் அடைத்துவைத்திருந்த குரல். முதலில் கரகரவென்று உடைந்து வந்தது. பிறகு சரிவெல்லாம் நிறைந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு தலையும் நிமிர்ந்தது. கெம்பி ஓடிவந்தது. நடக்கவில்லை, ஓடிவந்தது. அதன் பின்னால் மந்தை முழுக்க, கன்றுகள் உட்பட, கல்லும் புழுதியும் பறக்க ஏறி வந்து அம்மாவைச் சுற்றி முட்டி மோதி நின்றது. கெம்பி அவள் கழுத்தை நக்கியது. அம்மா அழுதுகொண்டே அதன் நெற்றியைச் சொறிந்தாள்.

“அவர உடுங்க” என்றாள் தமிழில். “எங்க மாடுங்க. பாத்தீங்கல்ல? உடுங்க.”

அப்பாவின் கையை விட்டார்கள். திருட்டுப் பழி அதோடு போயிற்று. அதிகாரி அம்மாவிடம் வந்து நின்றார்.

“ஊமை நல்லாவே பேசுதே” என்றார். “அக்கரையா?”

பெரியப்பா குறுக்கே ஓடிவந்தார். “சார், எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார். தம்பி என்ன ஏமாத்திட்டான். அவதான் அந்தப் பக்கத்து ஆளு. நாங்கல்லாம் தமிழாளுங்க.”

வளைவின் உச்சியில் நீங்கள் வைத்திருக்கும் வாய் இதைத்தான் சொன்னது. என் காதால் கேட்டேன்.

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாளிலிருந்து அம்மாவை ஜீப்பின் முன் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டி பட்டியாகக் கொண்டுபோனார்கள். உங்கள் அப்பாக்கள் மந்தைகளைக் காட்டின் உள்ளே தள்ளி ஒளித்துவைத்திருந்தார்கள். அம்மா கூப்பிட்டால் அவளுக்குப் பழகிய மாடுகள் வந்தன. உறவு வீடுகளில் பிரசவம், காய்ச்சல் என்றால் போய்க் கறந்து கொடுத்தவள் அவள்தானே? ஒரு மாடு கிளம்பினால் மந்தை கிளம்பிவிடும். அவள் மறுத்த அன்று அப்பாவைக் கேம்ப்புக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அடுத்த நாள் கூப்பிட்டாள். காடு காலியானது.

ஊருக்குள் அத்தனை மாட்டுக்கும் தீனி எங்கே? காட்டில் கால் வைக்க அனுமதியில்லை. எலும்பு தெரிந்த மாடுகள் தெருவில் நின்று கூரை ஓலையைப் பிடுங்கித் தின்றன. அதற்குள் ரோடு மேலே வந்து சேர்ந்தது. நம் புகழ்பெற்ற ரோட்டில் முதலில் ஏறி வந்தது பஸ் இல்லை, ஆஸ்பத்திரி வண்டியும் இல்லை. அடிமாட்டு லாரி. தார் வாசனை போவதற்கு முன்னால் வரிசையாக வந்து நின்றது. வியாபாரிகளைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்தியவர் யார் என்று உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் வளைவை அண்ணாந்து பாருங்கள்.

கெம்பி பலகையில் ஏற மறுத்தது. வாலை முறுக்கினார்கள், அடித்தார்கள். அது வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

சில நாள் கழித்துத் தயிர்ப் போலீஸ் வந்தார். கேம்ப்பை எடுக்கிறார்கள், என்னிடம் தங்கிப்போன உங்கள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றார். வாசலில் தயங்கி நின்றுவிட்டுச் சொன்னார். “அக்கா, நீங்க ஊமை இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியுங்க. நான் யாருகிட்டயும் சொல்லல.”

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலும்.

“அவர ஜீப்புல ஏத்தப் போனப்பவும் சொல்லல” என்றாள் அம்மா. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போலீஸ் போனது, ஊர் மிஞ்சியது. ஊர் என்ன செய்தது? ரோடு போட்ட பெருமையைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தது. மாடு போன பழியை அம்மாவுக்குக் கொடுத்தது. ‘அவ கூப்புடாம இருந்திருந்தா போயிருக்குமா?’ இதே வார்த்தை, வீட்டுக்கு வீடு. ஜீப்பில் ஏற்றக் கைமுறுக்கி இழுத்துப்போன என் அப்பாவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவே எடுத்துக்கொள்ளவில்லை. தன் உயிருக்காக அவள் குரல் கொடுத்தாள் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

குழாயடிக்கு அம்மா போனால் பேச்சு நிற்கும். கல்யாண வீட்டில் அவளுக்குப் பந்தியில் இடம் இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்காது. என்னோடு விளையாடக் கூடாது என்று உங்களை வீட்டில் அதட்டினார்கள், நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். பிள்ளைகள்தானே, அதை விடுகிறேன். ஆனால் நீங்கள் வளர்ந்தீர்கள், கல்யாணம் செய்தீர்கள், ரோட்டோரத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் குடில் கட்டினீர்கள். அப்போதும் அவளைக் கடந்து போகும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் முதலில் எல்லாரிடமும் வலியப் போய்ப் பேசிப்பார்த்தாள். பதில் வராது. பிறகு நிறுத்திக்கொண்டாள். நான் விடுமுறைக்கு வரும்போது மட்டும் விடிந்ததிலிருந்து தொண்டை கட்டும் வரை பேசுவாள். கீழே என்னோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “நான் எதுக்கு ஓடணும்?” என்பாள்.

போன மாசியில் இறந்தாள். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள், மாலை கொண்டுவந்தீர்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் தலையை விரித்துப்போட்டு, அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு ஒப்பாரி எடுத்தார்கள். “மகராசியே, எங்ககூடப் பேசாமப் போறியே” என்று முதல் அடி.

நான் எழுந்து போய் நிறுத்துங்கள் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒருத்தி என்னைத் துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று கட்டிக்கொள்ள வந்தாள், தள்ளிவிட்டேன். “இந்த வூட்ல யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அழவும் கூடாது. இருக்கறதுன்னா சும்மா இருங்க, இல்லன்னா போங்க” என்றேன்.

பெற்றவளுக்கு ஒப்பாரி பாடவிடாதவள் என்று அன்றிலிருந்து என்னைப் பற்றி மலை முழுக்கப் பேசுகிறீர்கள். பேசுங்கள். அன்று யாரும் பேசவில்லை. பறை இல்லை, பாட்டு இல்லை, ஒரு விசும்பல் இல்லை. தார் ரோட்டில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க, அவளைத் தூக்கிக்கொண்டு போனோம்.